பயனுள்ள கல்வி எது? கணித மேதை உமர் கய்யாமின் வாழ்வு

பயனளிக்காத கல்வியிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். அந்தப் பிரார்த்தனையைத் தொழுகைக்குப் பின் தவறாமல் ஓதி வருவோர் நம்மிடையே பலர் உண்டு. ஆயினும், பயனுள்ள கல்வி எது, பயனற்ற கல்வி எது என்று வரையறுக்க முற்படும்போதுதான் மனம் தடுமாறுகிறது.

மருத்துவம் நோயைத் தீர்க்கிறது. அது பயனுடையது என்பதில் ஐயமில்லை. வானநூல் தொழுகை நேரத்தையும் கிப்லாவின் திசையையும் காட்டுகிறது, அதுவும் பயனுடையதே. ஆனால், எந்தக் கடையிலும் விலை போகாத, எந்த வயலிலும் விளையாத, எண்ணையும் கோட்டையும் பற்றி மட்டுமே ஆராய்கின்ற தூய கணிதத்தை என்னவென்று சொல்வது? அதைக் கற்கப் போவதாக மகன் சொன்னால், அதனால் என்ன கிடைக்கும் என்று கேட்கும் தந்தையர் எக்காலத்திலும் உண்டு. அக்கேள்வியைத் தவறென்று தள்ளிவிடவும் முடியாது. மனிதனுக்கு அளிக்கப்பட்ட ஆயுள் ஓர் அமானிதம். அதை எதில் செலவிட்டோம் என்று மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம்.

இக்கேள்விக்கு விடை கூறும் வாழ்வு ஒன்றை இங்குக் காண்போம். அந்த வாழ்வுக்குரியவரின் பெயரை அறியாதவர் இல்லை. ஆனால், அவர் செய்த பணியை அறிந்தவர் மிகச் சிலரே.

மக்கள் அறிந்த பெயர்

உமர் கய்யாம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை மரநிழலும் மதுக்கிண்ணமும் கவிதைகளுமே. 1859-ஆம் ஆண்டில் எட்வர்டு பிட்ஜெரால்டு என்னும் ஆங்கிலேயர், ருபாயாத் எனப்படும் பாரசீக நாலடிப் பாடல்களைத் தம் மொழியில் ஆக்கி வெளியிட்டார். அதன் பின்னரே கய்யாமின் புகழ் மேல்நாடுகளில் பரவியது. தமிழில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றை இனிய பாடல்களாகத் தந்தார். அதனால் அப்பெயர் நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால், கய்யாமின் காலத்தவர் அவரை எவ்வாறு அறிந்திருந்தனர்? அவரை நேரில் கண்டு பழகிய நிஜாமி அரூஸி என்பவர், எழுத்தர், கவிஞர், வானநூலார், மருத்துவர் ஆகிய நால்வகையினரைப் பற்றி நான்கு பகுதிகளாகப் பாரசீக மொழியில் ஒரு நூல் எழுதினார். அதில் கவிஞர்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தும், கய்யாமை அவர் அங்கே வைக்கவில்லை. வானநூலாரின் வரிசையிலேயே வைத்தார். கய்யாமைக் கவிஞராகக் குறிக்கும் எழுத்து, அவர் மறைந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழிந்த பின்னரே தோன்றியது. இன்று அவர் பெயரால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் வழங்குகின்றன. அவற்றுள் எவை உண்மையில் அவருடையவை என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

ஐயத்துக்கு இடமின்றி அவருடையவை என்று சொல்லத்தக்கவை அவருடைய கணித நூல்கள். அவர் ஆயுளின் சாரம் அவற்றில்தான் இருக்கிறது.

கூடாரத் தொழிலாளர் குலம்

கியாஸுத்தீன் அபுல் ஃபத்ஹ் உமர் இப்னு இப்ராஹீம் என்பது அவருடைய முழுப்பெயர். குராஸான் நாட்டின் பெருநகராக விளங்கிய நைஷாப்பூரில் அவர் பிறந்தார். அவருடைய பிறப்பு நேரத்துக் கிரக நிலைகளை வரலாற்றாசிரியர் ஜஹீருத்தீன் பைஹகீ குறித்து வைத்தார். அக்குறிப்பைக் கொண்டு, அவர் பிறந்த நாள் 1048-ஆம் ஆண்டு மே 18 எனப் பிற்கால அறிஞர்கள் கணித்துள்ளனர். கய்யாம் என்ற சொல்லுக்குக் கூடாரம் செய்பவர் என்பது பொருள். முன்னோரின் தொழிலால் வந்த பெயராக அது இருக்கலாம்.

நைஷாப்பூர் அந்நாளில் கல்விக்குப் பெயர் பெற்ற நகரம். அங்கே வளர்ந்த உமரின் நினைவாற்றல் வியப்புக்குரியதாக இருந்தது. இஸ்பஹானில் ஒரு நூலை ஏழு முறை படித்துவிட்டு, நைஷாப்பூர் திரும்பியதும் அதை மனத்திலிருந்தே எழுதச் சொன்னாராம். மூலத்தோடு ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு எதுவும் காணப்படவில்லை என்று பைஹகீ எழுதுகிறார்.

கய்யாமும் அமைச்சர் நிஜாமுல் முல்க்கும் ஹஸன் ஸப்பாஹும் ஒரே ஆசிரியரிடம் பயின்ற நண்பர்கள் என்றொரு கதை பல நூல்களில் காணப்படுகிறது. நிஜாமுல் முல்க் பிறந்தது 1018-ஆம் ஆண்டில். கய்யாமைவிட அவர் 30 வயது மூத்தவர். ஆகவே அந்தக் கதை பொருந்தாது. கய்யாமுக்கு இத்தகைய கதைகளின் துணை தேவையும் இல்லை.

பாகப்பிரிவினையில் வளர்ந்த கலை

கய்யாமின் பணியை உணர வேண்டுமாயின், அவருக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகள் முன்னே செல்ல வேண்டும். கலீபா மஃமூன் 813 முதல் 833 வரை பக்தாதில் ஆட்சி புரிந்தார். அவர் காலத்தில் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ என்னும் அறிஞர் ஜப்ர், முகாபலா என்னும் கணக்கு முறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த ஜப்ர் என்ற சொல்லிலிருந்தே அல்ஜீப்ரா என்ற பெயர் பிறந்தது. நம் பள்ளிகளில் இயற்கணிதம் என்று கற்பிக்கப்படுவது அதுவே.

அந்நூலின் பெரும்பகுதி மரண சாசனத்தையும் வாரிசுரிமையையும் பற்றியது. திருக்குர்ஆன் வாரிசுகளுக்கு அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று பங்குகளை வகுத்துள்ளது. கணவன், மனைவி, தாய், தந்தை, மக்கள் எனப் பலரும் இருக்கும் குடும்பத்தில், கடனும் மரண சாசனமும் போக எஞ்சியதை எவருக்கும் அநீதியின்றிப் பிரிப்பதற்கு நுட்பமான கணக்கு வேண்டும். இறைவனின் சட்டத்தைப் பிழையின்றி நிறைவேற்ற வேண்டும் என்ற கவலை, இக்கணக்குக் கலை வளர ஒரு காரணமாயிற்று.

அல்குவாரிஸ்மீ தம் நூலில் தெரியாத எண்ணின் வர்க்கம் வரையிலேயே சென்றார். பாகப்பிரிவினைக்கும் வணிகத்துக்கும் நில அளவைக்கும் அது பெரும்பாலும் போதுமானது. ஆனால், அறிவு தேவையின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. வர்க்கத்துக்கு அப்பால் கனம் இருக்கிறதே, அதற்கு வழி என்ன என்ற கேள்வி எழுந்தது. அல்மாஹானீ, அபூஜஅஃபர் அல்காஸின் போன்ற அறிஞர்கள் அதில் ஈடுபட்டனர். ஒருவர் ஒரு கணக்கைத் தொட்டார். மற்றொருவர் வேறொன்றை முடித்தார். அனைத்தையும் ஒழுங்குபடுத்தி ஒரே முறையில் ஆராயும் பணி கய்யாமுக்காகக் காத்திருந்தது.

சமர்கந்தில் எழுதிய நூல்

ஏறத்தாழ 1070-ஆம் ஆண்டில், 20 வயதைச் சற்றே கடந்த இளைஞராகக் கய்யாம் சமர்கந்து சென்றார். அந்நகரின் காஜியாக இருந்த அபூதாஹிர் அவரை ஆதரித்தார். புகாராவில் ஆட்சி புரிந்த ஷம்ஸுல் முல்க் அவரைத் தம் அரியணையில் தம்மருகே அமர்த்திச் சிறப்பித்தார் என்பர்.

இயற்கணிதத்தைப் பற்றிய தம் பெருநூலைக் கய்யாம் இக்காலத்தில் எழுதினார். அல்லாஹ்வின் திருநாமத்தாலும் நபிமார்கள் மீது ஸலவாத்தாலும் தொடங்கும் அந்நூலின் முன்னுரையில் ஒரு வேதனை ஒலிக்கிறது. கற்றோர் குறைந்துவிட்டனர் என்றும், எஞ்சியோரில் பலர் உண்மையோடு பொய்யைக் கலக்கின்றனர் என்றும், தாம் அறிந்த சிறிதையும் உலக ஆதாயத்துக்கே பயன்படுத்துகின்றனர் என்றும், உண்மையைத் தேடுவோரை ஏளனம் செய்கின்றனர் என்றும் அவர் வருந்துகிறார். ஒரு கணித நூலின் வாயிலில் இத்தகைய வருத்தம் இடம்பெற்றிருப்பது நம் சிந்தனைக்குரியது. கணிதம் அவருக்கு மூளைக்கு வேலை தரும் விளையாட்டாக இருக்கவில்லை. பொய் கலவாத உண்மையை மனிதன் தேட முடியுமா என்பதற்கான சோதனையாகவே இருந்தது.

அவர் எடுத்துக்கொண்ட கணக்கை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் எண்ணின் கனமும் அந்த எண்ணின் 6 மடங்கும் சேர்ந்தால் 20 ஆகிறது. அந்த எண் எது? சற்றே முயன்றால் 2 என்று கண்டுவிடலாம். 2-இன் கனம் 8, 6 மடங்கு 12, கூடுதல் 20. ஆனால், 20 என்பதை 21 என்று மாற்றினால் எந்த முழு எண்ணும் பொருந்தாது. எந்தப் பின்னமும் பொருந்தாது. விடை நிச்சயமாக உண்டு. ஆனால், அதைப் பிடிப்பது எப்படி?

கய்யாம் அதைக் கோடுகளால் பிடித்தார். கூம்பு ஒன்றைப் பல கோணங்களில் வெட்டினால் நீள்வட்டம், பரவளைவு, அதிபரவளைவு என்னும் வளைவுகள் தோன்றும். இவற்றைக் கிரேக்க அறிஞர்கள் முன்பே ஆராய்ந்திருந்தனர். மேற்சொன்ன கணக்குக்குக் கய்யாம் ஒரு பரவளைவையும் ஒரு வட்டத்தையும் வரைந்தார். இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் இடத்திலிருந்து ஒரு செங்குத்துக் கோட்டை இறக்கினால், அது அடிக்கோட்டில் ஒரு நீளத்தைத் துண்டித்துக் காட்டும். தேடிய விடை அந்த நீளமே!

கனம் வரையுள்ள சமன்பாடுகளை அவர் 25 வகைகளாகப் பிரித்தார். அவற்றுள் 11 வகைகளை யூக்ளிடின் முறையிலேயே தீர்க்கலாம் என்றும், 14 வகைகளுக்குக் கூம்பு வளைவுகள் வேண்டும் என்றும் காட்டினார். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே படம் வரைந்து நிரூபணம் தந்தார். தமக்கு முன் உழைத்தவர்களின் பெயர்களை அவர் மறைக்கவில்லை. எவர் எதைச் செய்தார், எங்கே நின்றார் என்று நேர்மையாக எடுத்துரைத்தார்.

தெரியாது என்னும் துணிவு

அந்நூலில் நம் உள்ளத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு. விடையைக் கோடாகக் காட்ட முடிந்த அவரால், அதை எண்களைக் கொண்டு பெறும் பொது விதியைக் காண இயலவில்லை. அதை அவர் ஒளிக்கவில்லை. தம்மாலும் இத்துறையிலுள்ள எவராலும் அது இயலவில்லை என்றும், தமக்குப் பின் வருவோருள் ஒருவர் அதை அறியக்கூடும் என்றும் எழுதி வைத்தார்.

அந்தப் பின்வந்தவர்கள் இத்தாலியில் தோன்றினர். ஜெரோலமோ கார்டானோ 1545-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அந்த விதி அச்சேறியது. இடையில் ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகள் உருண்டோடியிருந்தன.

மற்றொரு செய்தியும் உண்டு. பெருநூலுக்கு முன்னர்க் கய்யாம் சிறு நூல் ஒன்றையும் எழுதியிருந்தார். செங்கோண முக்கோணம் ஒன்றில், சிறிய பக்கத்தின் நீளத்தோடு, செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்கு இறக்கிய செங்குத்தின் நீளத்தைக் கூட்டினால் கர்ணத்தின் நீளம் வர வேண்டும். அத்தகைய முக்கோணத்தை வரைவது எப்படி என்ற கணக்கு அந்நூலில் வருகிறது. அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு இத்தகைய கணக்கைத் தீர்க்க முடியாது என்று அதில் அவர் எழுதினார். முடியாது என்பதற்கு முறையான நிரூபணத்தை வான்ட்ஸெல் என்ற பிரெஞ்சு அறிஞர் 1837-ஆம் ஆண்டில்தான் தந்தார்.

நூற்றாண்டுகளுக்குப் பின் பிறக்கப்போகும் ஒருவரை நம்பித் தம் குறையை எழுதிவைத்த மனிதர், புகழுக்காக உழைத்தவராக இருக்க முடியுமா? விதை ஊன்றுபவர் கனியை உண்ணும் நாள் வரை இருப்பதில்லை, ஆயினும் ஊன்றுகிறார். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படுகிறது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். அறிவும் அத்தகைய மரமே ஆகும்.

இஸ்பஹானில் 18 ஆண்டுகள்

1074-ஆம் ஆண்டளவில் ஸல்ஜூக் சுல்தான் மலிக் ஷாவும் அவருடைய அமைச்சர் நிஜாமுல் முல்க்கும் கய்யாமைத் தலைநகரான இஸ்பஹானுக்கு அழைத்தனர். வானாராய்ச்சி நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. கய்யாமும் அபுல் முழஃப்பர் இஸ்ஃபிஸாரீ முதலிய அறிஞர்களும் அங்குப் பணிபுரிந்தனர். ஆண்டுக் கணக்கைச் சீர்திருத்தி, இரவும் பகலும் சமமாகும் வசந்த நாளில் ஆண்டு தொடங்குமாறு வகுத்தனர். ஜலாலி ஆண்டு எனப்படும் அக்கணக்கு 1079-ஆம் ஆண்டு மார்ச் 15-இல் தொடங்கிற்று. ஈரானில் வழங்கும் சூரிய ஆண்டுக் கணக்குக்கு அதுவே முன்னோடியாகும்.

அரசுப் பணிக்கு இடையிலும் அவர் தம் தேடலை விடவில்லை. 1077-ஆம் ஆண்டில், யூக்ளிடின் நூலிலுள்ள கடினமான இடங்களைப் பற்றி ஒரு விளக்கவுரையை முடித்தார். இணைகோடுகளைப் பற்றி யூக்ளிட் நிரூபணமின்றி ஏற்றுக்கொண்ட கூற்று ஒன்று உண்டு. அதை நிரூபிக்காமல் விட்டது குறை என்று பலர் எண்ணினர். கய்யாம் ஓர் அடிக்கோட்டின் இரு முனைகளிலும் சம நீளமுள்ள இரு செங்குத்துக் கோடுகளை எழுப்பி, அவற்றின் மேல்முனைகளை இணைத்தார். மேலேயுள்ள இரு கோணங்களும் சமமானவை. அவை செங்கோணங்களா, குறுங்கோணங்களா, விரிகோணங்களா என்று கேட்டார். செங்கோணங்களே என்று நிரூபிக்க முயன்று, மற்ற இரண்டும் பொருந்தா என்று முடிவு செய்தார்.

அவருடைய நிரூபணம் முழுமையானதன்று; அவர் வேறொரு கூற்றைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. ஆனால், அவர் கேட்ட கேள்வி சாகவில்லை. நஸீருத்தீன் தூஸீ 13-ஆம் நூற்றாண்டில் அதை மேலும் ஆராய்ந்தார். 1733-ஆம் ஆண்டில் இத்தாலியின் ஸக்கேரி அதே வடிவத்தை வரைந்து, அதே மூன்று கோணங்களையும் ஆராய்ந்தார். 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் லொபாசெவ்ஸ்கியும் ஹங்கேரியின் போயாயியும் குறுங்கோணத்தை ஏற்றுக்கொண்டாலும் முரண்பாடற்ற ஒரு புதிய வடிவ கணிதம் எழும் என்று காட்டினர். அவ்வழியே வளர்ந்த வளைந்த வெளியின் கணிதத்தைக் கொண்டே ஐன்ஸ்டைன் 1915-ஆம் ஆண்டில் ஈர்ப்பு விசையை விளக்கினார். நாற்சதுரம் போன்ற எளிய வடிவம் ஒன்றை ஒருவர் இஸ்பஹானில் வரைந்தபோது, அதனால் என்ன பயன் என்று எவரேனும் கேட்டிருந்தால், அவரால் விடை கூறியிருக்க இயலாது.

இக்காலத்திலேயே, இறைவனின் ஒருமையைப் பற்றி இப்னு ஸீனா அரபியில் எழுதிய பேருரை ஒன்றைக் கய்யாம் பாரசீகத்தில் பெயர்த்துத் தந்தார்.

இமாம் கஸ்ஸாலி காட்டிய நடுவழி

கணிதமும் மார்க்கமும் ஒன்றுக்கொன்று பகையா? கய்யாமின் காலத்திலேயே இக்கேள்வி எழுந்தது. அதற்கு விடை கூறியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1058 முதல் 1111 வரை வாழ்ந்த அவரும் குராஸானைச் சேர்ந்தவரே. கய்யாமை அவர் சந்தித்து வானக்கோளத்தைப் பற்றி வினவியதாகவும், கய்யாமின் விளக்கம் லுஹர் பாங்கு ஒலிக்கும் வரை நீண்டதாகவும் பைஹகீ கூறுகிறார்.

தம் அறிவுப் பயணத்தை விவரிக்கும் நூலில் இமாம் அவர்கள், கணித நிரூபணங்களை அறிந்தவர் எவரும் மறுக்க இயலாது என்று ஒப்புக்கொள்கிறார்கள். அதே வேளையில் இரண்டு ஆபத்துகளைச் சுட்டிக்காட்டுகிறார்கள். கணிதத்தின் தெளிவைக் கண்டு மயங்கியவர், தத்துவவாதிகள் இறைவனைப் பற்றிச் சொல்வதும் அவ்வளவே உறுதியானது என்று நம்பிவிடுவது ஓர் ஆபத்து. இஸ்லாத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, நிரூபிக்கப்பட்ட உண்மைகளையும் மார்க்கத்தின் பெயரால் மறுப்பது மற்றோர் ஆபத்து. பின்னவரால் இஸ்லாத்துக்கு விளையும் தீங்கு பெரிது என்று இமாம் அவர்கள் எச்சரிக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்தும் அந்த எச்சரிக்கையின் தேவை தீர்ந்துவிடவில்லை.

சோதனைக் காலம்

1092-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். சில வாரங்களுக்குள் சுல்தான் மலிக் ஷாவும் காலமானார். வாரிசுரிமைப் போர் மூண்டது. வானாராய்ச்சி நிலையத்துக்குப் பொருளுதவி நின்றது. ஏறத்தாழ 18 ஆண்டுக் காலப் பணி அத்துடன் முடிந்தது.

கய்யாமின் மார்க்கப் பற்றைப் பற்றியும் ஐயங்கள் எழுப்பப்பட்டன. அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பழி பேசியோருக்கு அஞ்சியே சென்றார் என்று பின்னாளில் இப்னுல் கிஃப்தீ என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். திரும்பும் வழியில் பக்தாதில் தத்துவக் கலை கற்போர் தம்மைத் தேடி வந்தபோது கய்யாம் கதவைத் திறக்கவில்லை என்றும், ஊர் திரும்பியபின் காலையும் மாலையும் வணக்கத்தலத்துக்குச் சென்று வந்தார் என்றும் அவரே கூறுகிறார். கஃபாவை நோக்கிச் சென்ற ஒருவரின் உள்ளத்தில் இருந்தது அச்சமா, அன்பா என்பதை அளந்து கூறும் அதிகாரம் நமக்கு இல்லை. நிய்யத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே.

முதுமையில் கய்யாம் அதிகம் பேசாதவராக இருந்தார். எழுதுவதிலும் கற்பிப்பதிலும் தாராளம் காட்டவில்லை என்று பைஹகீ குறைகூறுகிறார். ஆனால் அதே பைஹகீ, ஹிஜ்ரி 507-இல், அதாவது 1113-ஆம் ஆண்டை ஒட்டி, தாம் சிறுவராக இருந்தபோது தந்தையுடன் கய்யாமைக் காணச் சென்றதை மறவாமல் எழுதியிருக்கிறார். முதியவர் சிறுவரிடம் ஓர் அரபுக் கவிதையின் பொருளைக் கேட்டார். பின்னர் வளைகோடுகளின் வகைகளைக் கேட்டார். சிறுவர் தந்த விடைகளைக் கேட்டு மகிழ்ந்து, தந்தையிடம் பாராட்டினார். வளைகோடுகளில் இளமையைச் செலவிட்டவருக்கு, அவற்றை அறிந்த ஒரு பிள்ளையைக் கண்டதும் முகம் மலர்ந்திருக்கிறது!

இறுதி நாள்

அவருடைய இறுதி நாளை உறவினர் ஒருவர் சொல்லக் கேட்டுப் பைஹகீ பதிவு செய்துள்ளார். அன்று கய்யாம் இப்னு ஸீனாவின் அஷ்ஷிஃபா என்னும் பெருநூலைப் படித்துக்கொண்டிருந்தார். கையில் பொன்னாலான பல்குத்தும் குச்சி ஒன்று இருந்தது. ஒன்று, பல என்பவற்றைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் அக்குச்சியை ஏடுகளுக்கிடையே வைத்து நூலை மூடினார். நல்லோரை அழைக்கச் சொல்லித் தம் இறுதி விருப்பங்களைத் தெரிவித்தார். எழுந்து தொழுதார். அதன்பின் உண்ணவுமில்லை, பருகவுமில்லை. இஷா தொழுகையை நிறைவேற்றியபின் ஸுஜூதில் வீழ்ந்தார். இறைவனைத் தம்மால் இயன்ற அளவு அறிந்துகொள்ள முயன்றதாகவும், அந்த அறிவே அவனை அடையத் தமக்குள்ள வழி என்றும், ஆகவே தம்மை மன்னிக்க வேண்டும் என்றும் இறைஞ்சினார். அந்நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அது 1131-ஆம் ஆண்டு டிசம்பர் 4 என்று கணக்கிடுவர். அவருக்கு அப்போது வயது 83.

இந்த இறுதி வேண்டுதலையும், இளமையில் அவர் எழுதிய கணித நூலையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். தம்மால் இயன்றது இவ்வளவு, இதற்கு மேல் தமக்குத் தெரியாது என்று அன்று கணிதத்தில் ஒப்புக்கொண்ட அதே நேர்மை, கடைசி மூச்சில் படைத்தவன் முன்னும் வெளிப்பட்டது. சமர்கந்தில் கற்ற பாடத்தை நைஷாப்பூரின் தொழுகை விரிப்பில் அவர் மறக்கவில்லை.

தூய கணிதத்தின் பயன் இங்கே தெளிவாகிறது. அது மனிதனுக்குப் பொய்யின்மையைப் பழக்குகிறது. ஒரு நிரூபணத்தில் சுல்தானுக்கு ஒரு சலுகையும் கூடாரத் தொழிலாளிக்கு ஒரு குறையும் இல்லை. செல்வத்தாலோ, சொல்வன்மையாலோ, கூட்டத்தின் ஆரவாரத்தாலோ ஒரு தவறான கணக்கைச் சரியாக்கிவிட முடியாது. வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்திக்குமாறு திருமறை நம்மை அழைக்கிறது. அந்தப் படைப்பில் கண்ணுக்குத் தெரியும் அழகும் உண்டு; எண்ணிலும் வடிவிலும் மறைந்துள்ள ஒழுங்கும் உண்டு. அந்த ஒழுங்கைக் கூலி எதிர்பாராமல் தேடுபவர், நிய்யத் தூயதாக இருப்பின், வீண் வேலை செய்தவர் ஆகார். மனிதனைப் பணிவுடையவனாக்காத கல்வி, எவ்வளவு பொருள் ஈட்டித் தந்தாலும், பயனற்றதாகவே முடியும்.

பூக்கள் மூடிய கபர்

கய்யாம் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப்பின், ஹிஜ்ரி 530-இல், நிஜாமி அரூஸி நைஷாப்பூருக்கு வந்தார். மரங்கள் ஆண்டுதோறும் பூச்சொரியும் இடத்தில் தம் கபர் இருக்கும் என்று கய்யாம் முன்பொருமுறை பல்க் நகரில் சொன்னதை அவர் கேட்டிருந்தார்; அப்போது அது பொருந்தாத பேச்சாகவே அவருக்குத் தோன்றியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமையன்று அவர் ஜியாரத்துக்குச் சென்றார். தோட்டம் ஒன்றின் மதிலடியில் அந்தக் கபர் இருந்தது. மதிலுக்கு அப்பாலிருந்து பழமரங்கள் கிளைகளை நீட்டியிருந்தன. உதிர்ந்த மலர்கள் கபரையே மூடிவிட்டிருந்தன. ஆசிரியர் சொன்னதை நினைத்து அவர் கண்ணீர் வடித்தார்.

நம் இல்லங்களிலும் எண்களின் மீது காதல் கொண்ட ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அதனால் என்ன கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், உண்மையைத் தேடும் அந்த ஆர்வம் யார் அளித்தது என்று எண்ணிப் பார்ப்போம். அதைப் பணிவோடும் நேர்மையோடும் வளர்க்க நாம் துணை நிற்போம்.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியைத் தந்து, நாம் அறிந்ததைக் கொண்டு அவனை நெருங்கவும், அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொள்ளவும் அருள் புரிவானாக! ஆமீன்.